போதைக்காளான் மருந்தாகுமா? ஈசூன் வீட்டில் எழுந்த ஒரு கேள்வி

மெல்பர்னில் படிக்கும் என் தங்கை மகன் சென்ற விடுமுறைக்குச் சிங்கப்பூருக்கு, ஈசூனில் உள்ள வீட்டுக்கு வந்திருந்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்னை வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெல்லக் கேட்டான்: "மாமா, அங்கே மனநல டாக்டரே காளான் மருந்து கொடுக்கலாமாம். அப்பாவுக்குக் கேட்டுப் பார்க்கலாமா?"

உள்ளே அவன் அப்பா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது, அவர் பார்க்கவில்லை. மனச்சோர்வு அவரைப் பிடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வகை மாத்திரைகள் பலன் தராமல் இப்போது மூன்றாவது. தூங்குகிறார், சாப்பிடுகிறார், வேலைக்கும் போய் வருகிறார். பேச்சுதான் போய்விட்டது. தேக்கா சந்தையில் மீன்காரரோடு அரை மணி நேரம் வம்பளந்த மனிதர் அவர்.

மகன் கேட்டதை ஒரே வார்த்தையில் தட்டிவிடலாம்: "அது போதைப்பொருள், வாயைத் திறக்காதே." நம் குடும்பங்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். எனக்கு மனம் வரவில்லை. தகப்பனுக்காகக் கேட்கிற பிள்ளைக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும்.

முதலில் சட்டம், ஏனென்றால் அவசரப்பட்டு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. போதைக்காளானில் உள்ள சைலோசைபின், எல்எஸ்டி, எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ எல்லாமே சிங்கப்பூரில் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள்கள். உட்கொண்டால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்தாண்டுச் சிறை. 20,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. கடத்தினால் 5 முதல் 20 ஆண்டுச் சிறையும் 5 முதல் 15 பிரம்படியும். பலர் அறியாதது இன்னொன்று: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இடத்தில் நண்பன் நீட்டிய காளானும், பெருவில் காடு சூழ்ந்த முகாமில் குடித்த கஷாயமும் சாங்கி விமான நிலையத்தோடு முடிந்துபோகாது.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவை ஆண்டவர்களின் வருவாயில் பெரும்பங்கு அபினியிலிருந்து வந்தது. கல்கத்தாவில் ஏலம் போன அபினி இங்கே குத்தகைக்காரர்கள் கைக்கு வந்து, மூட்டை தூக்கிய கூலிகளின் நுரையீரலில் முடிந்தது. 1970களில் ஹெராயின் பரவியது. 1973இல் இப்போதைய சட்டம் வந்தது, 1975இல் மரண தண்டனை சேர்ந்தது, 1977இல் 'ஃபெரட்' நடவடிக்கை என்ற பெயரில் தீவு முழுக்க வளைத்துப் பிடித்தார்கள். சிறையிலும் மறுவாழ்வு நிலையத்திலும் மகனைப் பார்க்க வரிசையில் நின்ற தாய்மார்களில் நம்மவர்கள் பலர். "காளான் மருந்து" என்றதும் என் தங்கையின் முகம் வெளுத்ததற்கு அந்த நினைவுகளே காரணம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அபினியும் காளானும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஹெராயின் வலியை மரக்கடித்து, உடலைத் தனக்கு அடிமையாக்கும். சைலோசைபின் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒருவகை ஏற்பியில் போய் ஒட்டுகிறது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குப் பார்வை, காலம், 'நான்' என்ற உணர்வு எல்லாம் உருமாறுகின்றன. தினமும் எடுக்கத் தூண்டும் ஏக்கத்தை இது பொதுவாக உண்டாக்குவதில்லை. அடுத்தடுத்த நாள் எடுத்தால் விளைவு வெகுவாகக் குறைந்துவிடும். இதன் ஆபத்துகள் வேறு வகை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மனச்சோர்வு உள்ளவரின் எண்ணம் செக்குமாடு போல ஒரே தடத்தில் சுற்றும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது விடிந்ததும் தொடங்கி, படுக்கும்வரை ஓடும். நாம் சும்மா இருக்கும்போது தன்னைப் பற்றியே அசைபோடும் மூளைப் பகுதிகளின் வலைப்பின்னல், இந்த மருந்தின் கீழ் தற்காலிகமாகக் கட்டுத் தளர்வதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. தடம் கலையும் அந்த வேளையில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து உதவினால் எண்ணம் வேறு வழியில் நடக்கப் பழகலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. அது இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதன் வரலாறு ஆய்வுக்கூடத்தில் தொடங்கியதன்று. மெக்சிகோவின் ஒஹாகா மலையில் மசாத்தெக் மக்கள் நோயாளிக்காக இரவு முழுதும் பாடி, காளான் உண்டு, வழிபாடு நடத்தி வந்தார்கள். அப்படி நடத்திய மரியா சபினா என்ற பெண்மணியின் சடங்கில் கலந்துகொண்ட அமெரிக்க வங்கியாளர் கோர்டன் வாசன் 1957இல் ஒரு பிரபல இதழில் அதை எழுதினார். அடுத்த ஆண்டே, 1943இல் எல்எஸ்டியின் விளைவைத் தன் உடலிலேயே கண்ட சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். மரியா சபினாவின் ஊருக்கு வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போலிஸ் வந்தது. அவர் வீடு எரிக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் இன்று கோடிகளைக் கொட்டும் துறையின் தாய் ஒருவகையில் அவர்தான். 1985இல் வறுமையில் இறந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை.

1950களிலும் 60களிலும் குடிநோய்க்கும் மனச்சோர்வுக்கும் எல்எஸ்டியை மருத்துவர்கள் சோதித்தார்கள். 'மனத்தை வெளிக்காட்டுவது' என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து 'சைக்கெடெலிக்' என்ற சொல்லை உருவாக்கிய ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், கனடாவில் அப்படி வேலை செய்த மனநல மருத்துவர். பிறகு மருந்து தெருவுக்கு வந்தது, 1970இல் அமெரிக்கா தடைசெய்தது, 1971இல் ஐநா உடன்படிக்கை வந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு ஆய்வு உறைந்துபோனது.

மீண்டும் சூடுபிடித்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின். 2016இல் அதே இடத்தில் உயிருக்கு ஆபத்தான புற்றுநோய் கொண்ட 51 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரிடம் சோர்வும் பதற்றமும் கணிசமாகக் குறைந்திருந்தன. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். சமூக ஊடகத்தில் இன்றும் சுற்றுவது இதுவே.

ஆய்வு பெரிதாகப் பெரிதாக எண்கள் இறங்கின. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், 25 மில்லிகிராம் ஒரே ஒருமுறை எடுத்தவர்களில் 29 விழுக்காட்டினர் மூன்றாம் வாரம் நோய் அறிகுறி நீங்கியிருந்தார்கள்; பெயருக்கு 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது 8 விழுக்காடு. பன்னிரண்டாம் வாரம்வரை பலன் நிலைத்தது 20 விழுக்காட்டினருக்குத்தான். 60 புள்ளி கொண்ட மனச்சோர்வு அளவுகோலில் இரு குழுக்களுக்கும் மூன்றாம் வாரத்தில் இருந்த வித்தியாசம் 6.6. அதே மருந்தின் அடுத்த கட்டப் பெரிய ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வந்தபோது, எந்த வேலையும் செய்யாத வெற்று மருந்தோடு ஒப்பிட ஆறாம் வாரத்தில் வித்தியாசம் 3.6. இதற்கிடையே 2021இல் லண்டனில் 59 பேரிடம், வழக்கமான எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையோடு சைலோசைபினை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பலன் உண்டு, அற்புதம் இல்லை: நான் இந்த எண்களைப் படிப்பது இப்படித்தான். மூன்றாவது மாத்திரையில் இருப்பவர் வீட்டில் ஐந்தில் ஒரு வாய்ப்பு என்பது சின்ன விஷயம் கிடையாது. அதே நேரம் ஐந்தில் நால்வர் வீடு திரும்பும்போது பழைய சுமையோடு, உடைந்த நம்பிக்கையையும் சேர்த்துச் சுமப்பார்கள் என்பதையும் யாராவது அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. இங்கே அரை மணி நேரத்தில் சுவர் மூச்சுவிடத் தொடங்கினால் தெரியாமல் இருக்குமா? தெரிந்தவர் நம்பிக்கையால் தேறுகிறார். வெற்று மருந்து கிடைத்தவர் ஏமாற்றத்தால் சோர்கிறார். இந்தக் குறை எம்டிஎம்ஏ விவகாரத்தில் வெளிப்படையாக வெடித்தது. மன அதிர்ச்சி நோய்க்கு எம்டிஎம்ஏயோடு பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் நோய் வரையறையிலிருந்து விடுபட்டார்கள், வெற்று மருந்துக் குழுவில் 48 விழுக்காட்டினர் என்று 2023 ஆய்வு சொன்னது. ஆனாலும் 2024 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, நன்மை தீமையைவிட அதிகம் என்று ஏற்க 10க்கு 1 என்ற கணக்கில் மறுத்தது. ஆகஸ்ட்டில் அனுமதியும் மறுக்கப்பட்டது. கனடாவில் நடந்த முந்தைய சோதனை ஒன்றில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர் அத்துமீறிய சம்பவமும் அந்த விவாதத்தில் பேசப்பட்டது. மனம் முழுதாகத் திறந்து கிடக்கும் ஒருவரின் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது, மருந்தின் அளவைப் போலவே உயிர்க் கேள்வி.

ஆஸ்திரேலியா வேறு முடிவெடுத்தது. 2023 ஜூலை 1 முதல், தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபினும் மன அதிர்ச்சி நோய்க்கு எம்டிஎம்ஏயும் எழுதித் தரலாம். என் தங்கை மகன் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் கிளினிக்கில் சீட்டு வாங்கி மருந்துக் கடையில் கொடுக்கும் கதை இல்லை. முன்கூட்டியே பல அமர்வுகள், மருந்து தரும் நாளில் ஒரு முழுப் பகலும் இரண்டு சிகிச்சையாளர்கள், பிறகு அனுபவத்தைப் பேசித் தெளிய மேலும் அமர்வுகள். செலவு இருபதாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. அதில் பெரும்பகுதி காளானுக்குப் போவதில்லை, மனிதர்களின் மணி நேரங்களுக்குப் போகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தைப்பூசம் நினைவுக்கு வந்தது. இருபது வயதில் நான் காவடி எடுத்தவன். நாற்பத்தெட்டு நாள் விரதம், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுத் தெண்டாயுதபாணி கோயில்வரை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நடை. அலகு குத்தும்போது நான் நானாக இல்லை. ஆனால் கீழே விழவும் இல்லை, ஏனென்றால் முன்னால் பெரியப்பா, பின்னால் பால்குடத்தோடு அம்மா, இரு பக்கமும் "வேல் வேல்" என்று குரல் கொடுத்த சேக்காளிகள். திரும்பி வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூசை வைத்து, கூட வந்தவர்களுக்குச் சோறு போட்ட பிறகுதான் விரதம் இறங்கியது. ஆயத்தம், துணை, இறக்கம் என்ற மூன்றும் நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. பக்தியைச் சிகிச்சை என்று நான் சொல்லவரவில்லை. மனச்சோர்வு உள்ளவரைக் காவடி எடுக்கச் சொல்வது தவறு. மனம் தன் எல்லையைத் தாண்டும் நேரத்தில் ஆளைத் தனியே விடக் கூடாது என்ற அறிவு உலகம் முழுக்க ஒன்றுபோல இருக்கிறது என்கிறேன், அவ்வளவே. ஆய்வாளர்கள் 'மனநிலையும் சூழலும்' என்று கூப்பிடுவதும் அதைத்தான்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற பேச்சு நம்மிடம் அதிகம். ஊமத்தையும் மூலிகைதான். ஒரு காய் ஆளைப் பித்தாக்கும், உயிரையும் எடுக்கும். வட மலேசியாவில் கெத்தும் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதில் உள்ள மித்ரகைனின் இங்கே 'ஏ' பிரிவில் இருக்கிறது. காபோன் நாட்டு இபோகா வேரிலிருந்து எடுக்கும் இபோகெய்ன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி மரணத்தில் முடிந்ததுண்டு.

தென்னமெரிக்க அயாவாஸ்கா கஷாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் விசாரிப்பது இதைத்தான். அது இரண்டு செடிகளின் கூட்டு. ஒரு செடியின் இலையில் உள்ள, பிரமை தரும் டிஎம்டி என்ற பொருள், வயிற்றுக்குள் போனதும் ஒரு நொதியால் சிதைந்துவிடும். இன்னொன்றான கொடி அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால்தான் கஷாயம் வேலை செய்கிறது. காட்டில் இருந்தவர்கள் இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தது பெரிய வியப்பு. ஆனால் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அந்தக் கொடியையும் சேர்த்துக் குடித்தால் உடலில் செரோட்டோனின் எக்கச்சக்கமாக ஏறி, காய்ச்சல், நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். என் தங்கை கணவர் சாப்பிடுவது அந்த வகை மாத்திரைதான். முகாமுக்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னொரு பள்ளம். லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சைலோசைபினும் வலிப்பைக் கொண்டுவரக்கூடும். குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ இருந்தால் ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. "நம்ம வீட்டில் அப்படி யாரும் இல்லை" என்று பலரும் சொல்வார்கள். ஊரில் பூட்டிவைத்த அறையில் ஒரு சித்தப்பா இருந்தது பிறகுதான் தெரியவரும்.

அப்படியானால் சிங்கப்பூரில் கதவு முழுக்க மூடியிருக்கிறதா? இல்லை. மருத்துவமனையில் மயக்க மருந்தாகப் பல காலமாக இருக்கும் கெட்டமின், வெளியே வைத்திருந்தால் 'பி' பிரிவுப் போதைப்பொருள். அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கேயும் சுகாதார அறிவியல் ஆணையம், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அதை அனுமதித்திருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். முதல் நாலு வாரம் வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே. மறுநாள்வரை வண்டி ஓட்டக் கூடாது. கெட்டமின் கண்டிப்பான கணக்கில் சைக்கெடெலிக் வகையில் சேராது, அது வேறொரு ஏற்பியில் வேலை செய்கிறது. ஆனாலும் சற்று நேரம் தன்னைவிட்டு விலகிய உணர்வைத் தரும்.

கஞ்சாவிலும் இதே அணுகுமுறைதான். இலைக்கு இடமில்லை, கடும் வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு அதிலிருந்து பிரித்தெடுத்த, தரம் நிரூபித்த மருந்தை மருத்துவர் கேட்டுப் பெற வழியுண்டு. ஆகவே சைலோசைபின் இங்கே எப்போதாவது வந்தால், செடியாகவோ சடங்காகவோ வராது. புட்டியில், பதிவெண்ணோடு, ஆணையத்தின் மேசையைத் தாண்டித்தான் வரும். நான் அதை வரவேற்பேன். அமெரிக்காவின் ஆரிகனில் 21 வயது நிரம்பிய எவரும் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே உரிமம் பெற்ற நிலையத்தில் காளான் எடுக்கலாம். அந்த வழி நமக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. மருந்து நாளை வந்தாலும், ஒரு முழுப் பகல் தமிழில் பக்கத்தில் உட்கார ஆள் எங்கே? மனநலக் கழகத்தின் 2016 ஆய்வின்படி ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பில் இருந்தவர்களில் நாலில் மூவருக்கு மேல் உதவி நாடவே இல்லை. இளையர்களைப் பற்றிய பிந்தைய ஆய்வு, 15 முதல் 35 வயதினரில் 30.6 விழுக்காட்டினருக்குக் கடுமையான அளவில் சோர்வோ பதற்றமோ மனஉளைச்சலோ இருப்பதாகச் சொன்னது. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழக மருத்துவமனையின் பழைய பெயரான 'உட்பிரிட்ஜ்' இன்னும் நம் வீடுகளில் வசைச்சொல்லாக உலவுகிறது.

தங்கை கணவரின் முதல் ஆலோசனை ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். எங்கே என்பது வேண்டாம். நல்ல பெண், பொறுமையாக ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் உணர்ச்சியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்." அவர் "ஐந்து" என்றார். வெளியே வந்து மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது என்னிடம், "நெஞ்சுக்குள்ள ஈரத்துணி வச்ச மாதிரி இருக்கு மச்சான், அதுக்கு என்ன நம்பர்?" என்றார். அந்த வாக்கியம் உள்ளே சொல்லப்பட்டிருந்தால் அன்றைய சிகிச்சை வேறாக இருந்திருக்கும். காளானோ தெளிப்பு மருந்தோ, மனத்தைத் திறந்தபின் வெளிவருவது தாய்மொழியாகத்தான் இருக்கும். தமிழ் பேசும் உளவியல் சிகிச்சையாளர்களை உருவாக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

இந்த நிமிடம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் ஆய்வு முடிவுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1767 எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். 1771 தேசிய மனநல உதவி எண். பலதுறை மருந்தகத்திலும் ஆரம்பிக்கலாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. போலிசுக்குப் பயந்து மறைத்த காலம் போய்விட்டது.

தங்கை கணவருக்கு அடுத்த மாதம் மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. எஸ்கெட்டமின் அவருக்குப் பொருந்துமா, அவருடைய இரத்த அழுத்தத்துக்குச் சரிவருமா, எத்தனை வெள்ளி ஆகும், மானியம் உண்டா, மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று தங்கை மகனும் நானும் ஒரு தாளில் கேள்விகளை எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். மெல்பர்னிலிருந்து காணொளியில் வந்து மொழிபெயர்ப்பதாக அவன் சொல்லியிருக்கிறான். போன ஞாயிறு நான் போனபோது, எங்கள் ஐந்து கேள்விக்குக் கீழே பென்சிலில் ஆறாவது ஒன்று இருந்தது. அவருடைய கையெழுத்து: "மருந்து எடுக்கும்போது என் மனைவி பக்கத்தில் உட்காரலாமா?"